மன்னார் வெளிச்சத்தில் ராமச்சந்திரன்

முருங்கன் தாண்டியதும் நிலம் தன்னிடமிருந்த உயரங்களை எல்லாம் கைவிட்டுவிடுகிறது. மதவாச்சியில் கிளை பிரிந்து, மடு வீதி வழியாக வரும் ரயில் பெட்டியின் யன்னலில் முதலில் வயல், பிறகு உவர்நிலம், உடைமரங்கள், அதன்பின் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழையும்போது கண்ணை நிறுத்தி வைக்க ஒரு மலையும் இல்லை, ஒரு காடும் இல்லை. மன்னாருக்கு வந்துபோகிறவர்கள் பலர் இந்த வெறுமையைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் மனிதக் கண் எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு இலங்கையில் இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். வெளிச்சம், நிழல், அசைவு என்ற மூன்றும் இங்கே தனித்தனியாகக் கண்ணில் படுகின்றன.

அப்படி ஒரு பயணத்துக்கு வழித்துணையாகப் பொருத்தமான ஆள் ஒருவர் உண்டு. மன்னாருக்கும் அவருக்கும் ஊர்த் தொடர்பு எதுவும் இல்லை, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்துத் தமிழர் என்பதைத் தவிர. விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். தந்தை ஐக்கிய நாடுகள் சபையின் தொழில் வளர்ச்சி அமைப்பில் பணியாற்றியதால் பையனின் பள்ளிப்படிப்பு சென்னையிலும் பாங்கொக்கிலுமாக நடந்தது. சிப்பிகளும் புதைபடிவங்களும் சேர்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு. பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. அங்கே மாணவராக இருக்கும்போதே, இரு கண்களின் படங்களை மூளை எப்படி ஒன்றாக்கி ஆழத்தைக் காண்கிறது என்பது பற்றி எழுதிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. மருத்துவப் பட்டம் வாங்கியவர் நோயாளிகளைப் பார்க்க உட்காராமல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போய் 1978இல் முனைவர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவில் ஜாக் பெட்டிகுரூவின் ஆய்வகத்தில் சில காலம் இருந்துவிட்டு, 1983இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே பேராசிரியர் ஆனார்.

உலகம் அவரைப் பிற்காலத்து வேலைக்காக அறிந்திருக்கிறது: கண்ணாடிப் பெட்டி, இல்லாத கையின் வலி, 1998இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லியுடன் சேர்ந்து எழுதிய ‘ஃபான்டம்ஸ் இன் த பிரெய்ன்’. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் பார்வையையே தோண்டிக்கொண்டிருந்தார். அவருடைய உண்மையான பலம் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது. அந்த வேலையின் பெரும்பகுதியை மன்னார்த் தீவில் கையில் ஒரு கருவியும் இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம்.

தீவின் தென்கரையில் தொடங்கலாம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 கோபுரங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. மொத்தம் 103.5 மெகாவாட். இவற்றைப் பற்றி மன்னாரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சூடு பறக்கும். மழைவெள்ளம் வடிவது தடைப்படுகிறது, வலசைப் பறவைகளின் பாதை மறிக்கப்படுகிறது, மீன்பாடு குறைந்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. அடுத்த கட்டமாக வரவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். இங்கே வேண்டியது அவற்றின் நிழலுருவம் மட்டும்.

டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்மேற்கில் இறங்கும்போது தலைமன்னார் வீதியில் நின்று அந்தக் கோபுரங்களைப் பார்க்க வேண்டும். பின்னால் வெளிச்சம், முன்னால் கறுத்த இறக்கைகள். கொஞ்சம் சாய்வான கோணத்தில் தெரியும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், இடமாகச் சுற்றிக்கொண்டிருந்த இறக்கை சட்டென்று வலமாகச் சுற்றத் தொடங்கும். காற்று மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. நிழலுருவில் எந்த இறக்கை நமக்குக் கிட்ட இருக்கிறது, எது எட்ட இருக்கிறது என்று சொல்லும் தடயம் இல்லை. இரண்டு விதமாகவும் கொள்ளலாம். மூளை ஒன்றை எடுத்துக்கொள்கிறது, சலித்ததும் மற்றதுக்குத் தாவுகிறது. சின்ஸ்டேடன் என்ற ஜெர்மானியர் மாலை வானத்துக்கு எதிரே ஒரு காற்றாலையைப் பார்த்துவிட்டு 1860இல் இதை எழுதி வைத்தார். அவர் பார்த்தது மாவரைக்கும் மர ஆலை. மன்னாரில் நிற்பவை ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட்.

ராமச்சந்திரன் இந்தக் குழப்பத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுபோனார். அவருடன் சேர்ந்தவர் ஸ்டுவர்ட் ஆன்ஸ்டிஸ். திரையில் ஒரு கற்பனைச் சதுரம். முதலில் அதன் இடப்பக்க மேல் மூலையிலும் வலப்பக்கக் கீழ் மூலையிலும் புள்ளிகள் தோன்றி மறைகின்றன. அடுத்த கணம் மற்ற இரு மூலைகளிலும். மாறி மாறிக் காட்டினால் புள்ளிகள் அசைவதாகத் தோன்றும். ஆனால் அவை பக்கவாட்டில் அசைவதாகவும் பார்க்கலாம், மேலும் கீழும் அசைவதாகவும் பார்க்கலாம். இப்படிப்பட்ட சதுரங்கள் பலவற்றைத் திரை முழுக்கப் பரப்பினால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் தன்பாட்டில் அசையும் என்றுதான் எதிர்பார்ப்போம். அப்படி நடக்கவில்லை. எல்லாம் ஒரே திசையில் அசைகின்றன, மாறும்போதும் ஒன்றாகவே மாறுகின்றன. 1983இல் இதையும் ‘நேச்சர்’ வெளியிட்டது. ஒரு காட்சியில் பொருள்கள் தனித்தனியாக ஏறுமாறாக அசைவது இயற்கையில் அபூர்வம் என்று மூளை ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருக்கிறது. புலி பாய்ந்தால் அதன் வரிகள் எல்லாம் சேர்ந்துதான் பாயும்.

கண் ஒரு கமரா என்ற பாடப்புத்தகக் கதையை ராமச்சந்திரன் ஏற்கவில்லை. கணிதச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணினி என்ற கதையையும் அவர் முழுதாக ஏற்கவில்லை. பரிணாமம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கையில் கிடைத்த சில்லறைத் தந்திரங்களை மூளைக்குள் சேர்த்து வைத்திருக்கிறது, பார்வை என்பது அந்தத் தந்திரங்களின் மூட்டை என்பது அவர் வாதம். 1980களில் செயற்கைப் பார்வை பற்றிப் பெரிய கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவில் இது கொஞ்சம் மரியாதைக் குறைவான பேச்சு.

தலைமன்னார் பக்கத்து மணல்மேடுகளில் அந்த மூட்டையிலிருந்து ஒரு தந்திரத்தைப் பிரித்துப் பார்க்கலாம். வெயில் சாய்ந்த நேரத்தில், ஈர மணலில் பதிந்த காலடித் தடங்களைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டுத் திரையைத் தலைகீழாகத் திருப்புங்கள். குழிகள் மேடாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். காற்று வரைந்த மணல் வரிகளிலும் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது.

இவ்வளவும் பழைய செய்தி. 1988இல் ராமச்சந்திரன் கண்டது அதற்கு அடுத்த படி. மேலே வெளுத்துக் கீழே கறுத்த வட்டங்கள் மேடாகவும், கீழே வெளுத்தவை குழியாகவும் தெரியும். சரி, பார்ப்பவர் தலையைச் சாய்த்துக்கொண்டால்? சூரியன் வானத்தில்தானே இருக்கிறது. கண்டிப்பாக மூளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்திக்கொள்ளவில்லை. குனிந்து கால்களுக்கிடையே பார்த்தால் மேடும் குழியும் இடம் மாறிவிடுகின்றன. அதாவது, சூரியன் நம் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது என்றுதான் பார்வைக்குரிய மூளைப் பகுதி நம்புகிறது. தலை நிமிர்ந்தே பெரும்பாலும் நடக்கிறோம். ஒவ்வொரு தடவையும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பிடம் ‘மேல் எது’ என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட இந்த மலிவான ஊகம் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். இந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்பட்டவை சாம்பல் நிறத்தில் நிழலிட்ட சில வட்டங்களும், தலைகீழாக நிற்கச் சங்கோசப்படாத சில மனிதர்களும்.

பேசாலைக் கரையில் காலை மீன் இறங்கும்போது இதே கணக்கின் மறுபக்கம் தெரியும். சூடையோ பாரையோ எதுவானாலும் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளி. மேலிருந்து விழும் வெளிச்சம் முதுகை வெளுப்பாக்கி வயிற்றை இருட்டாக்கும். மீனின் நிறம் அதை அப்படியே சமன் செய்துவிடும். திரட்சி தெரியாமல், எதிரியின் கண்ணுக்கு மீன் தட்டையாகித் தண்ணீரோடு கரைந்துபோகிறது. அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1890களிலேயே எடுத்துச்சொன்ன விஷயம் இது. ஆப்பிரிக்க நன்னீர்களில் தலைகீழாக நீந்தும் ஒரு கெளிறு உண்டு. அதற்கு வயிறுதான் கறுப்பு. வெளிச்சம் மேலிருந்து வரும் என்ற ஊகம் மனிதனுக்கு மட்டும் உரியதென்றால் மீன்களுக்கு இந்த உடுப்பே தேவைப்பட்டிருக்காது.

குவியலில் நாக்குமீன் ஒன்றிரண்டும் கிடந்தன. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும் தட்டை மீன், மணலோடு மணலாகப் படுத்துக் கிடப்பது. இதைத் தண்ணீருக்குள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டதற்கு வலை உதறிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “கிடக்கேக்க தெரியாது அண்ணை. அசைஞ்சால்தான் தெரியும்.”

இந்தத் தட்டை மீன் வகையைச் சேர்ந்த வெப்பக்கடல் மீன் ஒன்றையும் ராமச்சந்திரன் விட்டு வைக்கவில்லை. தட்டை மீன்கள் தரைக்கேற்ப நிறம் மாறும் என்பது பழைய அறிவு. ஆனால் குளிர்க்கடல் மீன்களை வைத்துச் சோதித்தவர்கள் அது மெதுவாக, அரைகுறையாக நடப்பது என்று நினைத்திருந்தார்கள். ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் தொட்டியின் அடியில் பல விதத் தரைகளை விரித்தார்கள். கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் போட்ட சதுரங்கப் பலகை உட்பட. மீன் 2 முதல் 8 விநாடிக்குள் தோலை மாற்றிக்கொண்டு பொருந்திப் படுத்தது. அதன் தோலில் சிறியதும் பெரியதுமாகச் சில வகைத் திட்டுகள் உண்டு. எவ்வகையை எவ்வளவு அழுத்தமாகக் காட்டுவது என்பதைக் கண் பார்த்துத் தீர்மானிக்கிறது. ‘நேச்சர்’ இதழ் 1996இல் வெளியிட்ட இந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரியின் பெயரும் உண்டு. பார்வை என்பது மூளை கட்டும் ஊகம் என்பதை ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர் கிரெகரி. ராமச்சந்திரன் அவருடைய வழித்தோன்றல்.

மன்னார் நகரத்தில் போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டையும், பள்ளிமுனையின் பெருத்த பெருக்கமரமும், வீதியை மறித்து நிற்கும் கழுதைகளும் பார்க்க வேண்டியவையே. அவற்றைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. தலைமன்னார் இறங்குதுறைக்குப் போவோம். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் இந்தத் துறைக்கும் இடையில் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களின் நடுவில் போர் அதையும் நிறுத்தியது. ரயில் மட்டும் 2015இல் திரும்பி வந்தது. துறைக்கு அப்பால் இராமர் அணையின் மணல்திட்டுகள். குளிர்காலத்தில் அங்கே வடதுருவக் கரைகளிலிருந்து வரும் பெரிய கடற்காகங்கள் கூடும். மஞ்சள் அலகின் கீழ்ப்புறத்தில் சிவப்புப் பொட்டு வைத்த பறவைகள்.

அந்தப் பொட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. குஞ்சு அந்தச் சிவப்பைக் கொத்தினால்தான் தாய் இரையைக் கக்கும். விலங்கு நடத்தை ஆய்வாளர் நிகோ டின்பர்கன் அலகைப் போல் சிறிதும் இல்லாத, பட்டைகள் தீட்டிய மெல்லிய குச்சியை நீட்டிப் பார்த்தார். குஞ்சுகள் தாயின் அலகைவிட அதை ஆவேசமாகக் கொத்தின. 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ராமச்சந்திரன் இந்தக் குச்சியைத் தூக்கிக்கொண்டு கலைக்குள் புகுந்தார். வில்லியம் ஹர்ஸ்டைனுடன் 1999இல் எழுதிய கட்டுரையில், சோழர் காலத்துப் பார்வதிச் செப்புத் திருமேனியின் இடையும் வளைவும் மனித மூளைக்கு அப்படி ஒரு குச்சி என்றார். கலை வரலாற்றாளர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பொலன்னறுவையிலிருந்து வந்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன் நிற்கிறவருக்கு மிகைப்படுத்திய வளைவு மட்டும் தெரிவதில்லை. பக்தியும் வழக்கமும் ஆகமமும் சேர்ந்துதான் தெரியும். ஆனால் அந்த வளைவு ஏன் மதம் தெரியாதவனையும் நிறுத்துகிறது என்ற கேள்விக்கு, தவறாகவேனும், பதில் சொல்லத் துணிந்தவர் அவர்.

தீவை விட்டுத் தெற்கே போகும் வழியில் வங்காலை. 2010 முதல் ராம்சார் ஈரநிலம். பூநாரைகள் வரும் காலத்தில் தொலைநோக்கியோடு கூட்டம் இருக்கும். அதையும் தாண்டி அரிப்பு, சிலாவத்துறை: முத்துக்குளிப்பின் தலைநகரங்கள். ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அரிப்பில் கடல் அரித்த மேட்டில் இடிந்து நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன, அரசுக்கு மட்டும் சுமார் 25 இலட்சம் ரூபாய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிப்பியே இல்லாமல் போனது.

மார்க்கோ போலோ இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடும் பிராமணர்களுக்கு 20இல் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார். கடற்கட்டி என்ற அந்தப் பதவி 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. வெள்ளைக்கார அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. ராமச்சந்திரனை உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸ் நம் காலத்து மார்க்கோ போலோ என்று புகழ்ந்திருக்கிறார். பொருத்தமான புகழ்ச்சிதான், போலோவைப் போலவே இவரும் சில சமயம் கண்டதைவிடக் கூடுதலாகச் சொல்லிவிடுவார் என்பது உட்பட. பிறர் செய்வதைப் பார்த்தாலே நாமே செய்வதுபோல் இயங்கும் ‘கண்ணாடி நரம்பணுக்கள்’தான் மனித நாகரிகத்தின் பெரும் பாய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் அடித்துப் பேசியது இன்று பலருக்கு ஏற்புடையதல்ல.

முத்துக்குளித்தவர்கள் கண்ணுக்கு எதுவும் அணியாமல்தான் இறங்கினார்கள். தண்ணீருக்குள் விழிவெண்படலம் தன் ஒளி விலக்கும் ஆற்றலை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிடும், எல்லாம் மங்கல். ஸ்வீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் அந்தமான் கடலோரத்து மோக்கன் இனக் குழந்தைகளைச் சோதித்து 2003இல் வெளியிட்ட முடிவு, அவர்கள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்குக்கு மேல் நுணுக்கமாகத் தண்ணீருக்குள் பார்க்கிறார்கள் என்பது. கண்பாவையை இறுக்கிச் சுருக்கிக்கொள்வதும், வில்லையை முழுவலுவில் வளைப்பதும்தான் இரகசியம். பிறப்பில் வந்த வரமல்ல. ஒரு மாதம் பழக்கிய ஸ்வீடன் குழந்தைகளும் சில மாதங்களில் அதே நிலைக்கு வந்தார்கள். அரிப்பில் சிப்பி பொறுக்கிய கண்களை யாரும் அளந்து வைக்கவில்லை. அவர்கள் தலைமுறையோடு அந்த வாய்ப்பும் போய்விட்டது.

இந்த வீதிகளில் இன்னொன்றும் கண்ணில் படாமல் இருக்காது. யுத்தம் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை அதன் பிறகு பல ஆண்டுகள் இழுத்தது. காலை இழந்தவர்கள் வடக்கின் எந்தச் சந்தையிலும் இருக்கிறார்கள். வெட்டியெடுத்த கால் இன்னும் இருப்பதாகவும், அது வலிப்பதாகவும் உணர்வது அவர்களுக்குப் புதிதல்ல. பார்வை ஆய்வாளர் ராமச்சந்திரன் 1990களில் இந்தப் பக்கம் திரும்பினார். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது இல்லாத கையின் விரல்களில் தொடுகை தெரிந்தது. மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் அயல்வீடு. காலியான வீட்டுக்குள் அயலவர் புகுந்துவிட்டார். பிறகு கண்ணின் அதிகாரத்தையே அவர் மருந்தாக்கினார். ஒரு பெட்டி, நடுவில் நிறுத்திய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் விழும். இறுகிப்போன கை விரிவதைக் கண் காண்கிறது, பலருக்கு வலி தளர்கிறது. கால் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளக் கண்ணாடி போதும். அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் காலிழந்தவர்களிடம் செய்து 2007இல் வெளியான சிறு ஆய்வில் கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த குழுவில் அனைவருக்கும் வலி குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் இவ்வளவு ஒரே குரலில் பேசவில்லை. இருந்தாலும், ஒரு கண்ணாடியின் விலையில் வேறு எந்தச் சிகிச்சை இருக்கிறது?

2003இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகள், 2007இல் பத்மபூஷண் என்று வெளியுலகக் கவுரவங்கள் வந்த பிறகும் அவர் பேச்சு வகுப்பறைப் பேச்சுதான். விலை கூடிய மூளைப்படக் கருவிகளின் மேல் மோகம் இல்லை, கையில் கிடைப்பதை வைத்துச் சோதிப்பதே பிடிக்கும் என்று பல முறை சொல்லியிருக்கிறார். வசதி குறைந்த இடத்தில் படித்துக் கிளம்பியவரின் பழக்கம் அது.

மன்னார்ப் பள்ளிகளில் உயர்தர உயிரியல் மாணவர்கள் கண்ணின் நெடுக்குவெட்டு முகத்தை வரைந்து, பாகம் குறித்துப் பரீட்சைக்குப் போகிறார்கள். அவர்களின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு டிசம்பர் மாலை அந்தப் பிள்ளைகளைத் தலைமன்னார் வீதிக்கு அழைத்துப்போய், இறக்கைகள் திசை மாறுவதை யார் முதலில் காண்கிறார்கள், ஒன்று மாறும்போது அடுத்த கோபுரமும் மாறுகிறதா என்று எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம், கொழும்பின் அனுமதியும் வேண்டாம்.